பதுக்கலும் உண்மையும்: பயனர்வெளிக் கோப்பு முறைமைகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

தொழினுட்பம் பற்றிய தீர்ப்புகள் கணிதத்தின் தூய்மையுடன் வழங்கப்படுவன என்றும், இலக்கியம் பற்றிய தீர்ப்புகளே வர்க்க நலன், மரபுப் பற்று, சுவை வேறுபாடு ஆகியவற்றாற் கறைபடுவன என்றும் கருதும் வழக்கம் நமது கல்வியாளரிடையே இன்னமும் நிலவுகிறது. இக்கருத்து மறுபரிசீலனைக்குரியது. ஒரு கருவியின் வேகத்தை அளக்கும்போதும், எதை அளப்பது, எதனுடன் ஒப்பிடுவது, எந்த இழப்பைப் பொறுத்துக்கொள்வது என்பனவற்றை மனிதரே தீர்மானிக்கின்றனர். அத்தீர்மானங்கள் சமூக உறவுகளுக்குப் புறம்பாக நிகழ்வன அல்ல.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அத்தகைய ஒரு விவாதத்தையே. கணினியிற் கோப்புகளைச் சேமித்தும் ஒழுங்குபடுத்தியும் தரும் மென்பொருளைப் பணிசெயல் முறைமையின் கருனிக்கு உள்ளே வைப்பதா, வெளியே பயனர்வெளியில் வைப்பதா என்பது அவ்விவாதத்தின் மையம். 2011 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், லினக்ஸ் கருனியைத் தோற்றுவித்தவரான லினஸ் ரோவால்ட்ஸ், பயனர்வெளிக் கோப்பு முறைமைகள் விளையாட்டுப் பொருள்களுக்கு அப்பாற் பயன்படும் என நம்புவோர் வழிதவறியோரே எனும் கருத்துப்பட எழுதினார். அக்காலத்திலேயே குளஸ்ரர் போன்ற பாரிய பரவற் சேமிப்பு முறைமைகள் பயனர்வெளியில் இயங்கிக்கொண்டிருந்தமையால், அக்கூற்று கடும் எதிர்ப்பையும் பெற்றது.

ஈழத்து இலக்கிய உலகில் 1960களின் தொடக்கத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை அறிந்தோர்க்கு இத்தகைய தீர்ப்பின் தொனி புதியதன்று. 'இது எழுத்தே அன்று' என்று அன்று கூறப்பட்டதன் பின்னால், 'யார் எழுதலாம்' என்ற கேள்வி மறைந்திருந்தது. எனினும் ஒப்புமையை இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வோம். ரோவால்ட்ஸ் முன்வைத்த வாதத்துக்கு அளந்தறியத்தக்க பொருளடிப்படை ஒன்றுண்டு. அதனைப் புறக்கணித்துவிட்டு முற்போக்கு உணர்வை மாத்திரம் முன்னிறுத்துவது விமர்சனமாகாது.

2

பொருளடிப்படையை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். கணினியின் நினைவகமும் தட்டுகளும் ஏனைய உறுப்புகளும் கருனியின் நேரடி ஆளுகைக்குட்பட்டவை. சாதாரண மென்பொருள்கள் பயனர்வெளியில் இயங்குவன. அவை ஒரு கோப்பைத் திறக்கவோ படிக்கவோ விரும்பின், முறைமை அழைப்பு என்னும் வாயில் வழியாகக் கருனியிடம் வேண்டுதல் செய்ய வேண்டும். கோப்பு முறைமையும் கருனிக்குள்ளேயே இருப்பின், வேண்டுதல் அங்கேயே நிறைவேறித் திரும்பிவிடும்.

மிக்லோஸ் செரெடி உருவாக்கி, 2005 இல் லினக்ஸ் 2.6.14 ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்ட ஃபியூஸ் என்னும் அமைப்பு இவ்வொழுங்கை மாற்றுகிறது. இங்கு கருனி ஓர் இடைத்தரகர் மாத்திரமே. மென்பொருளின் வேண்டுதலைக் கருனியிலுள்ள ஃபியூஸ் பகுதி பெற்று ஒரு வரிசையில் இடுகிறது. பயனர்வெளியிற் காத்திருக்கும் பிறிதொரு செயன்முறை அதனை எடுத்து, வேண்டியதைச் செய்து, விடையைக் கருனியிடம் கையளிக்கிறது. கருனி அதை முதல் மென்பொருளிடம் சேர்க்கிறது. ஆக, ஒரே வாயிலை இருமுறை கடக்க வேண்டியுள்ளது. கேட்பவரிலிருந்து விடையளிப்பவருக்கும், அவரிலிருந்து மீண்டும் கேட்டவருக்குமாகக் குறைந்தது இரு சூழல் மாற்றங்கள் நிகழ்கின்றன. தரவும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பிரதி செய்யப்படுகிறது. வேகக் குறைவின் மூலம் இதுவே.

இச்சிக்கல் ஃபியூஸுடன் பிறந்ததுமன்று. 1980களில் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான மாக் நுண்கருனியும், 1987 இல் வெளியான மினிக்ஸும், கருனியைச் சிறிதாக்கி ஏனையவற்றை வெளியே அனுப்பும் கொள்கையைக் கொண்டிருந்தன. 1992 இல் மினிக்ஸின் ஆசிரியர் அன்ட்ரூ ரனன்பாமுக்கும் ரோவால்ட்ஸுக்கும் இடையே நடந்த புகழ்பெற்ற விவாதத்தின் சாரமும் இதுவே. கோட்பாட்டின் அழகு ஒருபுறமும் நடைமுறையின் வேகம் மறுபுறமுமாக அவ்விவாதம் பலரால் நினைவுகூரப்படுகிறது. இவ்வாறு இருபாற்படுத்துவது விடயத்தை எளிமைப்படுத்துவதாகும் என்பதே நமது கருத்து.

3

'விளையாட்டுப் பொருள்' என்ற தீர்ப்பை அளவீட்டுக்குட்படுத்திய ஆய்வுகளுள் 2017 இல் யூசெனிக்ஸ் மாநாடொன்றில் வெளியானது முதன்மையானது. ஸ்ரோனி புறூக் பல்கலைக்கழகத்தையும் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தையும் சார்ந்த வங்கூர், தராசோவ், ஸாடொக் ஆகியோர் அதன் ஆசிரியர்கள். தாமாக எதையும் செய்யாது, வந்த வேண்டுதலைக் கீழேயுள்ள எக்ஸ்ட்-4 கோப்பு முறைமைக்கு அப்படியே கடத்திவிடும் ஒரு முறைமையை அவர்கள் அமைத்தனர். அதனால் இடைநிலையின் செலவு வேறெதனுடனும் கலவாது தனித்துத் தெரிந்தது. முறையியல் நோக்கில் இது போற்றத்தக்கது.

அவர்கள் கண்ட முடிவு ஒற்றைத் தீர்ப்புக்கு இடமளிப்பதன்று. பணியையும் வன்பொருளையும் பொறுத்து, இழப்பு உணரவே முடியாததாகவும் இருக்கலாம். செம்மைப்படுத்திய பின்னரும் 83 சதவீதம் வரை செல்லவுங் கூடும். மையச் செயலகத்தின் பயன்பாடு ஒப்பளவில் 31 சதவீதம் வரை உயரலாம். பெரிய கோப்பொன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை படிப்பதில் வேறுபாடு சிறிதே. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படைப்பதும் அழிப்பதுமான பணிகளில் வேறுபாடு பெரிது. ஏனெனில் முன்னையதில் ஒரு பயணத்தில் மிகுந்த தரவு வருகிறது. பின்னையதில் ஒவ்வொரு சிறு செயலுக்கும் ஒரு முழுப் பயணம் தேவைப்படுகிறது.

இவ்வாய்வின் வலிமையே அதன் எல்லையுமாகும். எதையும் செய்யாத கோப்பு முறைமையை உலகில் எவரும் பயன்படுத்துவதில்லை. மறைகுறியாக்கம் செய்வதற்கும், தொலைவிலுள்ள சேவையகத்தை அணுகுவதற்குமே மக்கள் பயனர்வெளி முறைமைகளை நாடுகின்றனர். வலையமைப்பின் ஊடாக ஒரு விடை வருவதற்குப் பல மில்லி செக்கன்கள் செல்லுமிடத்து, சில நுண்செக்கன்களை இழப்பது பொருட்படுத்தத்தக்கதன்று. ஆகவே 83 என்ற எண்ணை மாத்திரம் பிடுங்கியெடுத்து மேற்கோளாக்குவோர், ஆய்வு கூறாத ஒன்றைக் கூறியதாகக் காட்டுகின்றனர். ஒரு நாவலின் ஓர் உரையாடலைப் பிடுங்கியெடுத்து அதனையே ஆசிரியரின் உலகநோக்காகக் காட்டும் விமர்சகரின் பிழைக்கு இது நிகரானது.

இதனுடன் வரலாற்று அம்சமொன்றும் சேர்த்து நோக்கற்பாலது. ஃபியூஸ் தோன்றிய காலத்தில் பொதுவழக்கிலிருந்த சுழலும் வன்தட்டு, ஓர் இடத்தைத் தேடியடைய ஏறத்தாழ 10 மில்லி செக்கன் எடுத்தது. இடைநிலைப் பயணம் 10 நுண்செக்கன் எனக் கொள்ளின், அது ஆயிரத்தில் ஒரு பங்கு. இன்றைய திண்மநிலைச் சேமிப்பகங்கள் சில பத்து நுண்செக்கன்களில் விடையளிக்கின்றன. அங்கே அதே 10 நுண்செக்கன் பெரும் பங்காகிவிடுகிறது. இடைத்தரகரின் கூலி மாறவில்லை. உற்பத்திச் சாதனம் மாறியது. முன்னர் கண்ணுக்குத் தெரியாதிருந்த உறவு, சாதனத்தின் வளர்ச்சியினால் தளையாகத் தோற்றமளிக்கத் தொடங்கியது. உற்பத்திச் சக்திகளுக்கும் உறவுகளுக்கும் இடையிலான முரண்பாட்டை அறிந்த வாசகருக்கு இதனை மேலும் விளக்கத் தேவையில்லை.

4

இம்முரண்பாட்டைத் தணிக்கக் கையாளப்படும் வழிகளுள் முதன்மையானது பதுக்கு நினைவகம். ஒருமுறை கேட்டறிந்ததைக் கருனி தன்னிடமே வைத்துக்கொண்டால், மறுமுறை கேட்கப்படும்போது பயணமே தேவையில்லை. நமது பாடநூல்கள் இதற்குச் சூட்டிய பெயர் சிந்தனைக்குரியது. பதுக்கல் என்ற சொல் நம் நாட்டு மக்களுக்கு அரிசியையும் மாவையும் சீனியையும் நினைவூட்டுவது. தேவைக்கு முன்கூட்டியே சேர்த்துவைப்பது ஒரு குடும்பத்துக்கு மதிநுட்பம்; சந்தை முழுவதையும் நோக்கும்போது அதே செயல் வேறொரு பொருளைப் பெறுகிறது. கணினியிலும் இது பெரிதும் பொருந்தும். பதுக்கி வைக்கப்பட்ட தரவு அதனை வைத்திருப்பவருக்கு வேகத்தைத் தருகிறது. ஆனால் மூலத்தில் மாற்றம் நிகழ்ந்திருப்பின், அவர் கையில் இருப்பது பழைய செய்தி.

எனவே பதுக்கலின் சிக்கல் உண்மையின் சிக்கலாகும். எவ்வளவு காலத்துக்குப் பழைய செய்தியை உண்மையெனக் கொள்ளலாம்? ஃபியூஸின் உயர்நிலை நூலகம் கோப்பின் பெயரையும் இயல்புகளையும் வழமையாக 1 செக்கன் வரை நம்புகிறது. தொலைக் கணினியின் கோப்புகளை அருகிலிருப்பன போற் காட்டும் எஸ்.எஸ்.எச்.எஃப்.எஸ். வழமையாக 20 செக்கன் வரை தன் நினைவை நம்பக்கூடியது. அங்கே ஒருவர் புதிய கோப்பொன்றை இட்டால், இங்கேயுள்ளவர் சிறிது நேரம் அதனைக் காணாதிருக்கலாம். தனியொருவர் பணிபுரியும்போது இது குறையன்று. பலர் கூடிப் பணிபுரியும்போதே இது குறையாகிறது. அதாவது, உழைப்பு சமூகத்தன்மை பெறும் அளவுக்கு, தனிப் பதுக்கலின் பொய்மை வெளிப்படுகிறது.

இதற்கு விடைகாண முயன்ற வரலாறு அறிவூட்டுவது. கார்ணகி மெலனில் 1980களில் உருவான அன்ட்ரூ கோப்பு முறைமையின் முதல் வடிவம், ஒவ்வொரு முறை கோப்பைத் திறக்கும்போதும் 'என்னிடமுள்ள பிரதி சரியானதா?' என்று சேவையகத்தைக் கேட்டது. உண்மை காக்கப்பட்டது, ஆனால் சேவையகத்துக்கு வந்த அழைப்புகளின் மிகப் பெரும்பகுதி இவ்வகை விசாரிப்புகளாகவே இருந்தமையால் அது திணறியது. அடுத்த வடிவத்தில் பொறுப்பு மாற்றியமைக்கப்பட்டது. கோப்பில் மாற்றம் நிகழ்ந்தால் தானே அறிவிப்பதாகச் சேவையகம் வாக்களித்தது. அறிவிப்பு வரும் வரை பிரதி நம்பிக்கைக்குரியது. 1988 இல் வெளியான கட்டுரையொன்று இம்மாற்றத்தை விரிவாக விளக்குகிறது. ஃபியூஸிலும் 2009 இல் இதனையொத்த வழியொன்று சேர்க்கப்பட்டது. 'நீ வைத்திருப்பதை விட்டுவிடு' என்று பயனர்வெளிச் செயன்முறை கருனிக்கு அறிவிக்கலாம். அனைவரையும் ஓயாது சந்தேகிப்பதும், கண்மூடி நம்புவதும் அல்லாத மூன்றாவது வழி, உடன்பாட்டின் வழி, இதுவே.

படித்தலைவிட எழுதுதலிற் பதுக்கல் ஆபத்தானது. 2014 இல் லினக்ஸ் 3.15 ஆம் பதிப்புடன் ஃபியூஸுக்குப் பின்னெழுதும் பதுக்கு நினைவகம் கிடைத்தது. மென்பொருள் எழுதியதைக் கருனி ஏற்றுக்கொண்டு, 'முடிந்தது' என்று உடனே விடையளித்துவிட்டு, பின்னர் ஒன்றுதிரட்டிச் செயன்முறையிடம் அனுப்புகிறது. சிறு எழுத்துகள் பெரு வரவுகளாகத் திரள்வதால் வேகம் கூடுகிறது. ஆயின் இரண்டு விலைகள் செலுத்தப்பட வேண்டும். முதலாவது, மின்சாரம் நின்றால் 'முடிந்தது' என்று கூறப்பட்டது முடியாததாகிவிடும். இரண்டாவது, இம்முறையிற் கோப்பின் நீளம், மாற்றப்பட்ட நேரம் ஆகியன பற்றிக் கருனி தன்னையே இறுதிச் சான்றாகக் கொள்கிறது. பல கணினிகள் ஒரே கோப்பை எழுதும் பரவல் முறைமைகளில் இது தவறான விடைகளுக்கு இட்டுச் செல்லும். வேகத்துக்காக, அறிந்தவரிடமிருந்த அதிகாரம் அறியாதவரிடம் மாற்றப்படுகிறது.

கருனிக்கு உள்ளே இருப்பின் இவ்வாபத்து இல்லையெனக் கருதுவோரும் உளர். 2018 இல் போஸ்ற்கிரஸ் தரவுத்தளத்தை ஆக்குவோர் கண்டறிந்தது அவர்களுக்கு விடையாக அமையும். தட்டில் எழுதுவது ஒருமுறை தவறினால், லினக்ஸ் கருனி அப்பிழையை ஒருமுறை அறிவித்துவிட்டு, எழுதப்படாத பக்கங்களை எழுதப்பட்டனவாகக் குறித்துக்கொள்ளக்கூடும். மறுமுறை கேட்டால் வெற்றியென விடை வரும். நீண்டகாலம் எவரும் ஐயுறாத நம்பிக்கையொன்று இவ்வாறு தகர்ந்தது. உள்ளிருப்பது மாத்திரம் நேர்மைக்கு உத்தரவாதமாகாது.

5

இவ்வளவு இழப்பும் சிக்கலும் இருக்கையில், வெளியே வைப்பதன் தேவை யாது? மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, பாதுகாப்பு. கருனிக்குள் உள்ள பிழை கணினி முழுவதையும் வீழ்த்தவல்லது. பயனர்வெளியிலுள்ள செயன்முறை வீழ்ந்தால், அக்கோப்பு முறைமை மாத்திரம் விடையளிக்காது, ஏனையவை இயங்கிக்கொண்டிருக்கும். கருனி நிரலாக்கத்திற் பலவாண்டுப் பயிற்சியில்லாத மாணவர் ஒருவரும் தனக்கு விருப்பமான மொழியில் ஒரு கோப்பு முறைமையை எழுதிப் பார்க்கலாம். 'விளையாட்டு' என்று பழிக்கப்பட்டது, பலருக்குத் தொழில் பயிலும் பட்டறையாக அமைந்தது.

இரண்டாவது, சொத்துறவு. சன் நிறுவனம் 2005 இல் திறந்த மூலமாக வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமையின் உரிமமும் லினக்ஸ் கருனியின் உரிமமும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதன எனப் பரவலாகக் கருதப்பட்டன. ஆகவே 2006 இல் அது லினக்ஸில் ஃபியூஸின் வழியாகவே முதலிற் புகுந்தது. இங்கு கருனிக்கு வெளியே வைக்கும் முடிவை எந்தப் பொறியியற் கணிப்பும் எடுக்கவில்லை, சட்டமே எடுத்தது. தொழினுட்ப வடிவத்தைச் சொத்துறவு நேரடியாகத் தீர்மானித்தமைக்கு இதைவிடத் தெளிவான சான்று தேடுவதரிது.

மூன்றாவது, கண்காணிப்பும் கட்டுப்பாடும். இதற்கு அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியின் வரலாறே சான்று. பொதுச் சேமிப்பிடத்தைக் காட்டுவதற்கு அது முதலில் ஃபியூஸைப் பயன்படுத்தியது. வேகம் போதாமையால் 8.0 ஆம் பதிப்பில் அப்பணி கருனிக்குள் மாற்றப்பட்டது. வேகத்தின் வெற்றி முற்றானதென அப்போது தோன்றியது. ஆனால் 2020 இல் வெளியான 11 ஆம் பதிப்பு மீண்டும் ஃபியூஸுக்குத் திரும்பியது. ஒவ்வொரு மென்பொருளும் எக்கோப்பைத் தொடுகிறது என்பதைப் பரிசோதித்து அனுமதிக்கவும் மறுக்கவும், ஒளிப்படத்திற் பதிந்துள்ள இடக்குறிப்பை மறைத்துக் கொடுக்கவும் பயனர்வெளியே வசதியானதாக இருந்தது. அடுத்த பதிப்பில், அனுமதி பெற்ற கோப்பின் படிப்பும் எழுத்தும் செயன்முறையைச் சுற்றாது நேரே கீழே செல்லும் குறுக்குவழி சேர்க்கப்பட்டது. இது வெறும் பின்திரும்பலன்று. மறுப்பின் மறுப்பாக, முதல் வடிவத்தின் குறையை நீக்கிக்கொண்டு உயர்ந்த தளத்தில் நிகழ்ந்த மீள்வரவு. எனினும் அனுமதியின் திறவுகோல் யார் கையில் உள்ளது என்ற கேள்வியை வாசகர் மறத்தலாகாது.

பொது லினக்ஸும் இதே திசையிற் சென்றுள்ளது. 2024 இல் 6.9 ஆம் பதிப்பு அத்தகைய குறுக்குவழியையும், 2025 இல் 6.14 ஆம் பதிப்பு வேண்டுதல்களைப் பகிர்ந்த வளையங்களின் ஊடாகக் கையளித்துப் பயணச் செலவைக் குறைக்கும் வழியையும் ஏற்றுக்கொண்டன. 2011 இல் விளையாட்டுப் பொருளென ஒதுக்கப்பட்டதன் மேம்பாட்டுக்கு அதே கருனியே இடமளித்துள்ளது.

6

இறுதியாக, நம்மை நேரடியாகத் தொடும் ஒரு செய்தி. லினக்ஸ் கோப்பு முறைமைகளிற் கோப்பின் பெயர் பொதுவாக 255 பைற்றுகளைத் தாண்டலாகாது. ஆங்கில எழுத்துக்கு 1 பைற்று போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைற்றுகள் வேண்டும். ஆங்கிலத்தில் 'ஜஃப்னா' என்பதற்கு 6 பைற்றுகள். தமிழில் 'யாழ்ப்பாணம்' என்பதற்கு, மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், 33 பைற்றுகள். ஆங்கிலத்தில் 255 எழுத்துகளுக்குள்ள இடம் தமிழில் 85 குறியீடுகளுக்கே உண்டு.

பெயரையும் மறைகுறியாக்கும் பயனர்வெளி முறைமைகளில் இது மேலும் இறுகுகிறது. அவற்றுள் ஒன்றான கோகிரிப்ட்எஃப்எஸ், 175 பைற்றுகளுக்கு மேற்பட்ட பெயரைத் தனியானதொரு துணைக்கோப்பில் வைக்கிறது. அதாவது 58 தமிழ்க் குறியீடுகளைக் கடந்த ஒவ்வொரு பெயருக்கும், அடைவைப் பட்டியலிடும்போது மேலதிகமாக ஒரு கோப்பைத் திறந்து படிக்க வேண்டும். ஆசிரியர் பெயர், நூற்றலைப்பு, பதிப்பகம், ஆண்டு என்பவற்றைக் கொண்ட நூலகக் கோப்புப் பெயரொன்று இவ்வெல்லையை எளிதிற் கடந்துவிடும். அளவீட்டுச் சோதனைகளிலோ கோப்புப் பெயர்கள் பெரும்பாலும் இயந்திரம் ஆக்கிய எண்தொடர்களே. அங்கே இச்செலவு ஒருபோதும் தெரியவராது. எவரும் திட்டமிட்டு நம்மைப் புறக்கணித்தனர் என்று நாம் கூறவில்லை. 'பொதுவான பயனர்' என்று அளவீடு கற்பிப்பவர் உண்மையிற் பொதுவானவர் அல்லர் என்பதையே சுட்டுகிறோம்.

நமது சேகரிப்புகளை எண்ணிமப்படுத்திக் காக்க முற்படுவோர் இதனை நேரடியாகக் கருத்திற்கொள்ள வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு, 'முடிந்தது' என்ற விடைக்கும் உண்மையில் முடிந்ததற்கும் இடையிலுள்ள தூரம் வெறும் பொறியியல் நுணுக்கமன்று. ஏட்டுப் பிரதியொன்றைப் படியெடுத்துச் சேமிக்கும்போது, எழுத்து தட்டை அடைந்ததெனக் கருனியிடம் உறுதி கோரும் அழைப்பைச் செய்யாத மென்பொருள் விரைவானதாயினும் ஏற்கத்தக்கதன்று.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், இரு தவறுகளைத் தவிர்க்க வேண்டியுள்ளது. ஒன்று, வேகத்தையே மதிப்பின் ஒரே அளவுகோலாக்கும் கருனித் தூய்மைவாதம். மற்றையது, வெளியே இருப்பதாலேயே ஒன்று மக்கள் சார்பானது என மயங்கும் கற்பனாவாதம். பயனர்வெளி மக்கள்வெளியன்று, கருனி அரசுமன்று, பதுக்கு நினைவகம் பதுக்கல் வியாபாரியுமன்று. உவமைகள் ஆய்வுக்கு வழிகாட்டலாம். ஆய்வின் இடத்தை அவை பிடிக்கலாகாது.

நாம் முன்வைக்கும் அளவுகோல் எளிமையானது. எந்தக் கோப்பு முறைமையைப் பற்றியும் 'எவ்வளவு வேகம்?' என்று கேட்பதோடு நின்றுவிடாது, மேலும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்தப் பணிக்கு அவ்வேகம்? அவ்வேகத்துக்காக எவ்வளவு காலம் பழைய செய்தி உண்மையாகக் கொள்ளப்படுகிறது? இழப்பு நேரின் அதனைச் சுமப்பவர் யார்? அதனைத் திருத்தி எழுதும் ஆற்றலும் உரிமையும் எவரிடம் உள்ளன? இவற்றுக்கு விடையளிக்காத எண், எத்துணைத் துல்லியமானதாயினும், அரை உண்மையே. இலக்கிய விமர்சனத்தில் நாம் நெடுங்காலமாக வற்புறுத்திவந்த முழுமை நோக்கு, இத்துறையிலும் பயன்கொள்ளப்படும் நாள் வந்துவிட்டது. அப்பணியைப் பொறியியலாளரிடம் மாத்திரம் விட்டுவிடும் உரிமை நமக்கில்லை.